கருணை இல்லாத ‘கருணைக்கொலை’: நாஜிகள் கொன்ற உடற்குறையுள்ளோரின் பெயர்கள் வெளிவந்த வரலாறு

2003ஆம் ஆண்டு. பெர்லினில் வாழும் ஆசிரியை சிக்ரிட் ஃபால்கன்ஸ்டைன், குடும்ப வரலாற்றை அறியும் ஆர்வத்தில் இணையத்தில் தேடிக்கொண்டிருந்தார். அப்போது ஒரு பட்டியல் கண்ணில் பட்டது. நாஜி ஆட்சியில் கொல்லப்பட்ட மனநல மருத்துவமனை நோயாளிகளின் பெயர்கள் அதில் இருந்தன. அவற்றுள் ஒன்று, அன்னா லென்கெரிங்.

அன்னா, ஃபால்கன்ஸ்டைனின் தந்தையுடன் பிறந்தவர். சொந்த அத்தை. அவர் எப்படி இறந்தார் என்று வீட்டில் யாரும் பேசியதில்லை.

அந்த ஒரு பெயரிலிருந்து தொடங்கிய தேடலில், அத்தையின் வாழ்க்கை கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவந்தது. 1915ல் பிறந்த அன்னா படிப்பில் பின்தங்கியிருந்தார். ‘பிறவி மந்தபுத்தி’ என்று முத்திரை குத்தப்பட்டு, 1935ல் அவருக்குக் கட்டாயக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. மறு ஆண்டு பெட்பர்க்-ஹாவ் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 1940 மார்ச் மாதம் அங்கிருந்து தெற்கு ஜெர்மனியின் கிராஃபனெக்கிற்குக் கொண்டு செல்லப்பட்டு, நச்சுவாயு அறையில் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 24.

அன்னாவைப் போல் ஐரோப்பா முழுவதும் கொல்லப்பட்ட உடற்குறையுள்ளோர், அறிவுத்திறன் குறைபாடுடையோர், மனநலம் பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை ஏறத்தாழ 300,000 என்று வரலாற்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர். நாஜிகளின் யூத இனப்படுகொலையை உலகம் அறிந்த அளவுக்கு இந்தக் கொலைகளை அறியவில்லை. ஜெர்மனியே இவர்களை முறையாக நினைவுகூர 70 ஆண்டுகளுக்கு மேலானது.

சொல்லே ஒரு மறைப்பு

நாஜிகள் இந்தக் கொலைகளுக்கு ‘யூத்தனேசியா’ என்று பெயரிட்டனர். ‘நல்ல மரணம்’ என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். தமிழில் இதைக் ‘கருணைக்கொலை’ என்கிறோம். தாங்க முடியாத வேதனையில், மரணத்தின் விளிம்பில் இருக்கும் ஒருவர் தாமே கேட்டு உயிர்விடுவதைத்தான் அந்தச் சொல் நமக்கு நினைவூட்டும்.

இங்கு நடந்தது அதுவன்று. கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் சாகும் நிலையில் இல்லை. யாரும் மரணத்தைக் கேட்கவில்லை. அவர்களிடமும் குடும்பத்தினரிடமும் எவரும் ஒப்புதல் பெறவில்லை. அதனால்தான் இன்று ஜெர்மானிய ஆய்வாளர்கள் அந்தச் சொல்லை மேற்கோள் குறிக்குள் எழுதுகிறார்கள், அல்லது ‘நோயாளிகள் கொலை’ என்று நேரடியாகக் குறிப்பிடுகிறார்கள்.

முதலில் வந்தது சட்டம்

கொலைகள் திடீரெனத் தொடங்கவில்லை. ஹிட்லர் ஆட்சிக்கு வந்து ஆறு மாதங்களுக்குள், 1933 ஜூலை 14ஆம் தேதி, ‘பரம்பரை நோயுள்ள சந்ததியைத் தடுக்கும் சட்டம்’ நிறைவேற்றப்பட்டது. பிறவி அறிவுத்திறன் குறைபாடு, மனச்சிதைவு, பரம்பரை வலிப்பு, பரம்பரைப் பார்வையின்மை, செவித்திறனின்மை, கடுமையான உடற்குறை போன்றவை பட்டியலிடப்பட்டன. கடுமையான குடிப்பழக்கமும் அதில் சேர்க்கப்பட்டது.

இதற்கெனத் தனி நீதிமன்றங்கள் அமைக்கப்பட்டன. அவை உத்தரவிட்டால், சம்பந்தப்பட்டவர் மறுத்தாலும் அறுவை சிகிச்சை நடக்கும். ஏறத்தாழ 400,000 பேருக்கு இவ்வாறு கட்டாயக் கருத்தடை செய்யப்பட்டது. அறுவை சிகிச்சையால் பல ஆயிரம் பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

இந்தச் சிந்தனை ஜெர்மனிக்கு மட்டும் உரியதன்று. ‘நல்ல மரபு’ உள்ளவர்களே பிள்ளை பெற வேண்டும் என்ற கருத்து அப்போது பல நாடுகளில் அறிவியலாகவே கருதப்பட்டது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் 1907லேயே கட்டாயக் கருத்தடைச் சட்டம் இயற்றியது. ஆனால், அங்கிருந்து கொலைக்குச் சென்றது நாஜி அரசு.

அதற்கு மக்களின் மனத்தையும் அது பழக்கியது. பரம்பரை நோயாளி ஒருவரைப் பராமரிக்க வாழ்நாளில் 60,000 மார்க் செலவாகிறது, அது உங்கள் பணம் என்று சுவரொட்டி வெளியிடப்பட்டது. பள்ளிக் கணக்குப் புத்தகங்களிலும் இத்தகைய கணக்குகள் இடம்பெற்றன. மனிதரைச் செலவுக் கணக்காகப் பார்க்கப் பிள்ளைகளுக்கு வகுப்பறையிலேயே கற்றுக்கொடுக்கப்பட்டது.

படிவமும் சிவப்புக் குறியும்

கொலைத் திட்டம் பிள்ளைகளில் தொடங்கியது. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் குறைபாடு இருந்தால் மருத்துவர்களும் மருத்துவச்சிகளும் அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1939 ஆகஸ்ட் 18ஆம் தேதி உத்தரவு வெளியானது. சிறந்த சிகிச்சை கிடைக்கும் என்று பெற்றோருக்கு நம்பிக்கையூட்டி, பிள்ளைகள் ‘சிறப்புப் பிரிவு’களுக்கு அனுப்பப்பட்டனர். அங்கு அளவுக்கு மீறிய மருந்து கொடுத்தும் பட்டினி போட்டும் அவர்களைக் கொன்றனர். குறைந்தது 5,000 பிள்ளைகள் இவ்வாறு மாண்டனர்.

அடுத்து பெரியவர்கள். 1939 அக்டோபரில் ஹிட்லர் ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டார். குறிப்பிட்ட மருத்துவர்களுக்கு நோயாளிகளின் உயிரைப் போக்கும் அதிகாரத்தை வழங்கிய அந்தக் கடிதத்தில், போர் தொடங்கிய செப்டம்பர் 1ஆம் தேதி முன்தேதியிடப்பட்டிருந்தது. அதற்கெனச் சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை. நாஜி ஆட்சியின் சட்டப்படி பார்த்தாலும் அது கொலைதான்.

திட்டத்தின் தலைமையகம் பெர்லினில் டியர்கார்டன் வீதி 4ஆம் எண் மாளிகையில் இயங்கியது. முகவரியைச் சுருக்கி, பிற்காலத்தில் இத்திட்டம் ‘டி4’ எனப் பெயர்பெற்றது.

அங்கிருந்து மருத்துவமனைகளுக்கும் காப்பகங்களுக்கும் படிவங்கள் அனுப்பப்பட்டன. நோயாளியின் நோய் என்ன, எத்தனை ஆண்டுகளாக அங்கு இருக்கிறார், யாராவது பார்க்க வருகிறார்களா, என்ன வேலை செய்ய முடியும் என்று அவற்றில் கேள்விகள் இருந்தன. பல மருத்துவமனை இயக்குநர்களுக்குப் படிவத்தின் நோக்கம் முதலில் தெரியவில்லை. வேலைக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று நினைத்து, நோயாளிகளைக் காப்பதற்காக அவர்களால் எதுவும் செய்ய இயலாது என்று எழுதியவர்களும் உண்டு. அந்தப் பதிலே நோயாளியின் உயிரைப் பறித்தது.

நிரப்பப்பட்ட படிவம் மூன்று மருத்துவர்களிடம் செல்லும். நோயாளியை அவர்கள் பார்ப்பதில்லை. படிவத்தை மட்டும் படித்து, சிவப்பில் கூட்டல் குறி போட்டால் மரணம். நீலத்தில் கழித்தல் குறி போட்டால் உயிர்.

சாம்பல் நிறப் பேருந்துகள்

தேர்ந்தெடுக்கப்பட்டவர்களை ஏற்றிச் செல்ல, வெளியே தெரியாதபடி சன்னல்கள் மறைக்கப்பட்ட பேருந்துகள் வந்தன. பின்னாளில் அவை சாம்பல் நிறம் பூசப்பட்டு ஓடின. கிராஃபனெக், பிராண்டன்பர்க், ஆஸ்திரியாவின் ஹார்ட்ஹைம், சோனன்ஸ்டைன், பெர்ன்பர்க், ஹாடமார் ஆகிய ஆறு இடங்களில் கொலைக்கூடங்கள் அமைந்திருந்தன. குளியலறை போல அமைக்கப்பட்ட அறைகளில் கார்பன் மோனாக்சைட் வாயு செலுத்தப்பட்டது. வாயுக் குழாயைத் திறந்தவர்கள் மருத்துவர்கள்.

குடும்பத்தினருக்கு அனுதாபக் கடிதம் வரும். நிமோனியா, குடல்வால் அழற்சி என்று ஏதாவது ஒரு காரணம் எழுதப்பட்டிருக்கும். மருத்துவர் பொய்ப் பெயரில் கையெழுத்திடுவார். இறந்த தேதியும் இடமும்கூடப் பல நேரங்களில் பொய். விருப்பப்பட்டால் அஸ்திக் கலசம் அனுப்பப்படும். அதில் இருப்பது யாருடைய சாம்பல் என்று அனுப்பியவர்களுக்கும் தெரியாது.

இந்தப் பொய்களே திட்டத்தை அம்பலப்படுத்தின. பல ஆண்டுகளுக்கு முன்பே குடல்வால் அகற்றப்பட்டவர் அதே நோயில் இறந்ததாகக் கடிதம் வந்தது. ஒரே குடும்பத்துக்கு இரண்டு கலசங்கள் வந்தன. ஹாடமாரில் புகைபோக்கியிலிருந்து எழுந்த புகையை ஊரே பார்த்தது. பேருந்து எதற்கு வருகிறது என்று அவ்வூர்ப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது.

இவ்வாறு 1940 ஜனவரி முதல் 1941 ஆகஸ்ட் வரை ஆறு கூடங்களிலும் கொல்லப்பட்டோர் 70,273 பேர். போர் முடிந்த பிறகு ஹார்ட்ஹைம் மாளிகையில் கண்டெடுக்கப்பட்ட ஆவணம் இந்த எண்ணிக்கையைக் கூறுகிறது. இத்தனை பேர் இல்லாமற்போனதால் பத்தாண்டுகளில் மிச்சமாகும் தொகை 885,439,800 மார்க் என்றும் அதே ஆவணம் கணக்கிட்டுள்ளது. உருளைக்கிழங்கு, ரொட்டி என ஒவ்வோர் உணவுப் பொருளுக்கும் அதில் தனித்தனிக் கணக்கு உண்டு.

கொல்லப்பட்டவர்களில் டிரெஸ்டன் ஓவியர் எல்ஃப்ரீட லோசே-வெக்ட்லரும் ஒருவர். மனச்சிதைவு என்று முடிவுகட்டப்பட்ட அவருக்கு 1935ல் கட்டாயக் கருத்தடை செய்யப்பட்டது. 1940 ஜூலை 31ஆம் தேதி சோனன்ஸ்டைனில் அவர் கொல்லப்பட்டபோது வயது 40. அவர் வரைந்த ஓவியங்கள் இன்று அருங்காட்சியகங்களில் உள்ளன.

எதிர்த்து நின்றவர்கள்

பிராண்டன்பர்க் நகரில் லோதர் கிரைசிக் என்ற நீதிபதி இருந்தார். மனநலம் பாதிக்கப்பட்டோரின் சட்டப் பாதுகாப்பு அவர் பொறுப்பில் இருந்தது. தமது பொறுப்பில் இருந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக இறப்பதைக் கவனித்த அவர், 1940 ஜூலையில் நீதி அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். திட்டத்துக்குப் பொறுப்பான நாஜித் தலைவர் பிலிப் பூலர்மீது கொலைப் புகாரும் கொடுத்தார்.

ஹிட்லரின் கடிதத்தைக் காட்டியபோதும் அவர் பணியவில்லை. தமது அனுமதியின்றி நோயாளிகளை இடம் மாற்றக் கூடாது என்று மருத்துவமனைகளுக்குத் தடை விதித்தார். பதவியிலிருந்து ஓய்வுபெறுமாறு அவர் நிர்ப்பந்திக்கப்பட்டார். சிறைக்கு அனுப்பப்படவில்லை, கொல்லப்படவும் இல்லை. ஜெர்மனியின் ஆயிரக்கணக்கான நீதிபதிகளில் இவ்வாறு எதிர்த்தவர் அவர் ஒருவரே.

1941 பிப்ரவரியில், பவேரியாவின் ஆப்ஸ்பெர்க் என்ற சிற்றூரில் காப்பகவாசிகளை அழைத்துச் செல்லப் பேருந்து வந்தபோது ஊர் மக்கள் கூடி நின்று வெளிப்படையாக வருந்தினர். அதே ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் தேதி, மூன்ஸ்டர் நகரின் கத்தோலிக்க ஆயர் கிளெமன்ஸ் ஆகஸ்ட் ஃபொன் காலென், தேவாலய மறையுரையில் இக்கொலைகளைக் கொலை என்றே கூறிக் கண்டித்தார். உழைக்க இயலாதவரைக் கொல்லலாம் என்றால் நாளை முதியோருக்கும் போரில் ஊனமடையும் வீரர்களுக்கும் என்ன கதி என்று அவர் எழுப்பிய கேள்வி மக்களைச் சுட்டது. மறையுரையின் படிகள் கைமாறிக் கைமாறி நாடெங்கும் பரவின. மூன்று வாரம் கழித்து, ஆகஸ்ட் 24ஆம் தேதி, திட்டத்தை நிறுத்தும்படி ஹிட்லர் உத்தரவிட்டார்.

நிறுத்தப்பட்டது, ஆனால் நிற்கவில்லை

நச்சுவாயுக் கூடங்களுக்கு நோயாளிகளை அனுப்புவதுதான் நின்றது. கொலை மருத்துவமனைகளுக்குள் இடம்பெயர்ந்தது. அளவுக்கு மீறிய மருந்தும் ஊசியும் பட்டினியும் ஆயுதங்களாயின. கொழுப்போ இறைச்சியோ இல்லாத, காய்கறி வேகவைத்த நீர் போன்ற உணவு கொடுத்து நோயாளிகளை மெல்லச் சாகவிட்டனர். போலந்திலும் சோவியத் பகுதிகளிலும் நோயாளிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

டி4 திட்டத்தில் பயிற்சி பெற்ற ஊழியர்கள் பலர் பெல்செக், சோபிபோர், திரெப்ளிங்கா கொலை முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். அங்கு யூதர்களைக் கொல்லப் பயன்பட்ட முறை முதலில் மருத்துவமனை நோயாளிகள்மீதுதான் கையாளப்பட்டது. இரண்டு வரலாறுகளையும் தனித்தனியாகப் படிக்க முடியாது என்று ஆய்வாளர்கள் வலியுறுத்துவதற்கு இதுவே காரணம்.

ஜெர்மனி 1945 மே 8ஆம் தேதி சரணடைந்தது. அதற்கு மூன்று வாரம் கழித்து, மே 29ஆம் தேதி, கவுஃப்பாய்ரன் மருத்துவமனையில் ரிச்சர்ட் ஜென்ன என்ற நான்கு வயதுச் சிறுவன் கொல்லப்பட்டான். அப்போது அந்த வட்டாரம் அமெரிக்கப் படையின் கட்டுப்பாட்டில் இருந்தது. உத்தரவிட அரசு இல்லாதபோதும் மருத்துவமனையில் பழக்கம் தொடர்ந்தது.

நீண்ட மௌனம்

நூரம்பெர்க் மருத்துவர்கள் வழக்கில் கார்ல் பிராண்ட், விக்டர் பிராக் உள்ளிட்டோருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, 1948 ஜூன் 2ஆம் தேதி நிறைவேற்றப்பட்டது. ஆனால் பல மருத்துவர்களும் தாதியரும் பணிக்குத் திரும்பினர். டி4ன் மருத்துவத் தலைவராக இருந்த வெர்னர் ஹைட, வேறொரு பெயரில் 1959 வரை மருத்துவராகவே வாழ்ந்தார். வியன்னாவின் ஸ்பீகல்குருண்ட் மருத்துவமனையில் 789 பிள்ளைகள் மாண்டனர். அவர்களின் மூளைகளைப் பாதுகாத்து வைத்து, பல்லாண்டுகள் ஆய்வு நடத்தினார் அங்கு பணியாற்றிய மருத்துவர் ஹைன்ரிக் குரோஸ். அந்த எச்சங்கள் 2002ல்தான் அடக்கம் செய்யப்பட்டன.

பாதிக்கப்பட்டோருக்கோ சட்டத்தில் இடமில்லை. மேற்கு ஜெர்மனியின் இழப்பீட்டுச் சட்டம் இனம், சமயம், அரசியல் காரணங்களால் துன்புறுத்தப்பட்டோரையே கருத்தில்கொண்டது. கருத்தடைச் சட்டம் பிற நாடுகளிலும் இருந்ததால் அது நாஜிகளுக்கே உரிய அநீதி அன்று என்றும் வாதிடப்பட்டது. 1980ல்தான் கட்டாயக் கருத்தடைக்கு ஆளானோருக்கு ஒருமுறை 5,000 மார்க் வழங்க முடிவானது.

இளம் வயதில் கட்டாயக் கருத்தடைக்கு ஆளான கிளாரா நோவாக், 1987ல் தம்மைப் போன்றவர்களைத் திரட்டிச் சங்கம் அமைத்தார். பிள்ளை இல்லாததன் காரணத்தை அண்டை வீட்டாரிடமும் சொல்லாமல் வாழ்ந்த பலர் அதன்வழி முதன்முறையாகப் பேசினர். கருத்தடை நீதிமன்றங்களின் தீர்ப்புகளை நாடாளுமன்றம் ரத்து செய்தது 1998ல்தான்.

பெயரைச் சொல்லலாமா?

மௌனத்துக்கு அரசு மட்டும் காரணம் அன்று. குடும்பங்களும் பேசவில்லை. நம் குடும்பத்தில் பரம்பரை நோய் இருக்கிறது என்று தெரிந்தால் பிள்ளைகளுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்ற கவலை ஜெர்மானிய வீடுகளிலும் இருந்தது. தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் கவலையை விளக்க வேண்டியதில்லை.

அதனால் நினைவேந்தலில் ஒரு சிக்கல் எழுந்தது. யூதர்களின் பெயர்கள் கல்லிலும் ஏட்டிலும் பொறிக்கப்பட்டபோது, நோயாளிகளின் பெயர்கள் முதலெழுத்துகளாகச் சுருக்கப்பட்டன. மருத்துவ ரகசியம், வாரிசுகளின் தனியுரிமை என்பவை காரணமாகக் கூறப்பட்டன. பெயர் வெளிவந்தால் உறவினர்களுக்கு இழுக்கு நேரும் என்பது அதன் உட்பொருள்.

ஃபால்கன்ஸ்டைன் போன்ற உறவினர்கள் இதை எதிர்த்தனர். பெயரை மறைப்பது, அவர்கள் வெட்கப்பட வேண்டியவர்கள் என்ற நாஜிகளின் தீர்ப்பை ஏற்பதாகும் என்பது அவர்களின் வாதம். வெளியிட விரும்பாத குடும்பங்களும் இருந்தன. பல ஆண்டு விவாதத்துக்குப் பிறகு, 2018ல் ஜெர்மானியக் கூட்டரசு ஆவணக் காப்பகம் தன்னிடம் எஞ்சியுள்ள சுமார் 30,000 நோயாளிக் கோப்புகளின் பெயர்ப் பட்டியலை இணையத்தில் வெளியிட்டது. இன்று பேரப்பிள்ளைகள் அதில் தேடுகிறார்கள்.

தெருக்களிலும் பெயர்கள் வந்துவிட்டன. கலைஞர் குண்டர் டெம்னிக், நாஜிகளால் பாதிக்கப்பட்டோர் கடைசியாக விரும்பி வாழ்ந்த வீட்டின் முன், நடைபாதையில் உள்ளங்கை அளவு பித்தளைத் தகடு பொருத்திய கற்களைப் பதித்து வருகிறார். உடற்குறையுள்ளோருக்கும் அத்தகைய கற்கள் உள்ளன. அன்னாவுக்கும் ஒன்று உண்டு.

நீலக் கண்ணாடிச் சுவர்

டியர்கார்டன் வீதி 4ல் இருந்த மாளிகை இப்போது இல்லை. பெர்லின் இசையரங்கத்தை ஒட்டிய அந்த இடத்தில், 2014 செப்டம்பர் 2ஆம் தேதி நினைவிடம் திறக்கப்பட்டது. 24 மீட்டர் நீளமுள்ள நீலக் கண்ணாடிச் சுவரே அதன் மையம். சுவருக்கு அப்பால் நடப்பவர்களை இப்பாலிருந்து பார்க்கலாம். கண்காட்சித் தகவல்கள் எளிய மொழியிலும் பார்வையற்றோருக்கும் செவித்திறனற்றோருக்கும் ஏற்ற வடிவங்களிலும் உள்ளன.

வேறு வகை நினைவுச்சின்னம் ஒன்றும் உண்டு. ஹோர்ஸ்ட் ஹோஹைசல், ஆண்ட்ரியாஸ் கினிட்ஸ் என்ற கலைஞர்கள் 2006ல் கான்கிரீட்டில் உண்மையான அளவில் சாம்பல் நிறப் பேருந்தை வடித்தனர். ஒன்று ராவன்ஸ்பர்க் அருகே வைசனாவ் மருத்துவமனையின் பழைய வாயிலை அடைத்தபடி நிரந்தரமாக நிற்கிறது. மற்றொன்று ஊர் ஊராகச் செல்கிறது. “எங்களை எங்கே கொண்டு செல்கிறீர்கள்?” என்று நோயாளி ஒருவர் கேட்ட கேள்வி அதில் பொறிக்கப்பட்டுள்ளது.

நாஜிகளால் பாதிக்கப்பட்டோரை ஜெர்மானிய நாடாளுமன்றம் ஆண்டுதோறும் ஜனவரி மாதம் நினைவுகூர்கிறது. 2017 ஜனவரி 27ஆம் தேதி நடந்த நிகழ்வில் நோயாளிகள் கொலையே மையப்பொருள். அன்னாவைப் பற்றி அங்கு உரையாற்றினார் ஃபால்கன்ஸ்டைன். டவுன் சிண்ட்ரோம் உள்ள நடிகர் செபாஸ்டியன் உர்பான்ஸ்கி, எர்ன்ஸ்ட் புட்ஸ்கி என்ற நோயாளி 1943ல் தம் தாய்க்கு எழுதிய கடிதத்தை வாசித்தார். மருத்துவமனையில் நிலவிய பட்டினியை விவரித்த அந்தக் கடிதம் தாயிடம் சேரவில்லை. நிர்வாகம் அதை அனுப்பாமல் கோப்பில் வைத்துவிட்டது. புட்ஸ்கி 1945 ஜனவரியில் ஹாடமாரில் கொல்லப்பட்டார்.

2025 ஜனவரியில், கொல்லப்பட்ட நோயாளிகளையும் கட்டாயக் கருத்தடைக்கு ஆளானோரையும் நாஜித் துன்புறுத்தலால் பாதிக்கப்பட்டோராக நாடாளுமன்றம் வெளிப்படையாக அங்கீகரித்தது. ஆட்சியின் முடிவுக்கும் அந்த அங்கீகாரத்துக்கும் இடையே 80 ஆண்டுகள். கருத்தடைக்கு ஆளானவர்களில் கிட்டத்தட்ட அனைவரும் அதற்குள் காலமாகிவிட்டனர்.

இருந்தும் சில இடங்களில் வரலாறு வேறு திசையில் நகர்கிறது. பிராண்டன்பர்க் நினைவிடத்தில் அறிவுத்திறன் குறைபாடுடையோரே வழிகாட்டிகளாகப் பார்வையாளர்களை அழைத்துச் செல்கின்றனர். 10,654 பேர் கொல்லப்பட்ட கிராஃபனெக்கில் எழுத்துகளின் தோட்டம் ஒன்று உள்ளது. அமெரிக்கக் கலைஞர் டயேன் சாமுவேல்ஸ் 1998ல் அமைத்த அதில், 26 எழுத்துகளும் சிறு கற்களில் பொறிக்கப்பட்டுத் தரையில் கிடக்கின்றன. இன்னும் கண்டுபிடிக்கப்படாத பெயர்கள் எவையானாலும் இந்த எழுத்துகளில்தானே அடங்கும்!

அதே கிராஃபனெக் வளாகத்தில் இன்று உடற்குறையுள்ளோரும் மனநலம் பாதிக்கப்பட்டோரும் வாழும் இல்லம் இயங்குகிறது. அன்னா இறங்கிய இடத்தில் அவர்கள் வேலைக்குச் செல்கிறார்கள், மாலையில் அறைக்குத் திரும்புகிறார்கள்.